விளக்குக்கு இன்னொரு விளக்கு

கண்ணு,

இந்தத் தாள்களை மடிக்காமல், உறையில் போட்டு ஒட்டாமல், உன் அறைக் கதவின் அடிச்சந்தில் ஒவ்வொன்றாகத் தள்ளப் போகிறேன். நாளைக்கு உன் மாமா எடுத்துப் படித்தாலும் சரி, கோயம்புத்தூர் டாக்டர் படித்தாலும் சரி, இதில் மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. நீ நம் பாலக்காட்டுச் சித்தூரில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவன். அங்கேயும் தமிழை விட்டுவிட்டு மலையாளம் எடுத்தவன். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்பதால் கொட்டை எழுத்தில் எழுதுகிறேன். பாதியில் அலுத்துப்போய் வைத்துவிடாதே. மாடிப்படியில் உன் கதவுக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மத்தியானம் வைத்த தட்டு அப்படியே இருக்கிறது, ரசம் ஆறிப்போய் ஈ மொய்க்கிறது. உள்ளே நீ ஏதோ திருகுகிற சத்தமும் எனக்குக் கேட்கிறது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக் காலையில் வேலந்தாவளத்திலிருந்து உன் மாமா காரோடு வருகிறான். அவன் தீவனக்கடையில் மூட்டை தூக்குகிற ஆட்கள் இரண்டு பேரும் கூட வருகிறார்கள். நீ கதவைத் திறக்காவிட்டால் உடைப்பார்கள். உன்னைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்ப்பதாக ஏற்பாடு. "அக்கா, இப்படியே உட்டம்னா பையன் நம்ம கைக்குக் கெடைக்க மாட்டான். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றான். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். டாக்டரிடம் நீ போகத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. உனக்கு உடம்பு சரியில்லை கண்ணு, காய்ச்சல் மாதிரி இதுவும் ஒரு சீக்கு. ஆனால் உன்னை நாலு பேர் பிடித்து இந்தப் படியில் இறக்கிக்கொண்டு போவதை நான் பார்க்க மாட்டேன். இந்த வீட்டிலிருந்து போன ஐப்பசியில்தான் ஒருவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நீ உன் காலால் நடந்து இறங்கி வர வேண்டும். அதைக் கேட்கத்தான் இத்தனை தாளும்.

டாக்டர் படித்தால் அவருக்கும் விளங்க வேண்டும் என்று அந்த ரயிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். கோயம்புத்தூர் கம்பெனியில் வேலை கிடைத்து, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பார்க்கலாம் என்று ஆனபோது, நீ உன் சம்பளத்தில் ஒரு பொம்மை ரயில் வாங்கி வந்தாய். "பொம்மை இல்லீங்கம்மா, மாடல்" என்று திருத்தினாய். கழுதை வயதாகிறது, இன்னும் ரயில் விளையாட்டு என்று நான் திட்டினேன். உங்கப்பா மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த வாரமே தேங்காய் உரிக்கிற ஷெட்டிலிருந்து பலகைகளைக் கொண்டுவந்து அறை முழுக்க மேஜை அடித்துவிட்டார். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகிற லைன் மாதிரியே செய்ய வேண்டும் என்றாராம். நீ பெட்டியில் வந்த பிளாஸ்டிக் மரங்களை நட்டபோது, பனைமரம் இல்லாமல் இது எந்த ஊர் என்று எல்லாவற்றையும் பிடுங்கிப்போட்டுவிட்டு, என் விளக்குமாற்றை உருவி ஈர்க்குச்சியில் பனை செய்தார். ஒரு விளக்குமாறு பாக்கியில்லை வீட்டில். உங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்டு, விளக்குமாறும் வாங்கிக்கொடுத்து, நான் கீழே கிடந்தேன்.

தண்டவாளம் இரண்டாகப் பிரிகிற இடம்தான் உங்கப்பாவைப் பிடித்துக்கொண்டது. அதில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நகர்கிற கூரான துண்டுகள் இருக்கும். அதற்குப் பாயிண்ட் என்று நீ பேர் சொன்னாய், அந்தத் துண்டுகளை அவர் நாக்கு என்றார். நாக்கு எந்தப் பக்கம் ஒட்டி நிற்கிறதோ வண்டி அந்த வழியில் போகும், பாதியில் நின்றால் கவிழும். முதல் நாளே உன் வண்டி கவிழ்ந்தது. "நாக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்குதுன்னு தெரியாம வண்டிய உட்டா அது உழுவாம என்னடா பண்ணும்?" என்றார். ஊரில் யார் மோட்டார் கெட்டாலும் பிரித்து மாட்டுகிற மனுஷன், சும்மா இருப்பாரா? மேஜைக்கு அடியில் ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் ஒரு சின்ன மோட்டார் வைத்து, அதிலிருந்து சைக்கிள் கம்பியைத் துளை வழியே மேலே விட்டு, கம்பி நாக்கைத் தள்ளுகிற மாதிரி செய்தார். பழைய ஸ்டார்ட்டர் பெட்டி மூடியில் லைனைப் பெயிண்டால் வரைந்து, பிரிகிற இடத்தில் எல்லாம் ஒரு சுவிட்சும் ஒரு பச்சை விளக்கும் ஒரு சிவப்பு விளக்கும். நேர்வழி என்றால் பச்சை, பக்கவழி என்றால் சிவப்பு. நம் ஊரில் போர்வெல்லுக்கு வைக்கிற போர்டு மாதிரியே இருந்தது. உன்னோடு படித்த கூட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, ரயிலை ஓட்டுகிறீர்களா, தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறீர்களா என்று கேட்டார்கள்.

அந்த விளக்குகளுக்கு வயர் கொடுத்தது நீ. சுவிட்சிலிருந்தே கொடுத்தாய், அதுதான் சுலபம் என்றாய். சுவிட்சை மேலே தட்டினால் பச்சை, கீழே தட்டினால் சிவப்பு. ஒரு சாயங்காலம் பச்சை எரிகிறதென்று நீ வண்டியை வேகமாக விட்டாய். ஒரு தேங்காய் நார் துணுக்கு நாக்கில் சிக்கி, அது நகரவே இல்லை. வண்டி பக்கவழியில் பாய்ந்து, மேஜை விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்தது. எஞ்சின் மூக்கு உடைந்த சத்தம் எனக்கு அடுப்படியில் கேட்டது. நான் ஓடி வந்தபோது நீ எஞ்சினைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிற மாதிரி நின்றாய். உங்கப்பா எஞ்சினைப் பார்க்கவே இல்லை, பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் எரிந்துகொண்டிருந்தது. "நீ வெச்ச லைட்டு உன்ற கை எங்க போச்சுன்னு சொல்லுது, நாக்கு எங்க போச்சுன்னு சொல்லல" என்றார். அப்புறம் உன்னுடைய பழுதான கம்ப்யூட்டர் மவுஸ்களை எல்லாம் உடைத்து, அதற்குள் இருக்கிற குட்டி பட்டன்களை எடுத்து, ஒவ்வொரு பாயிண்ட்டின் நாக்கோடும் பிணைத்தார். நாக்கு போய் முழுசாக ஒட்டி அந்தப் பட்டனை அமுக்கினால்தான் விளக்கு எரியும். பாதியில் நின்றால் இரண்டு விளக்கும் இருட்டு. அந்த வேலை முடிந்த அன்று அவருக்கு இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே, பத்துப் பசு வாங்கினவர் மாதிரி நடந்தார்.

அப்படியும் அவர் விளக்கை நம்பினாரா? இல்லையே. நீங்கள் வண்டி விடுவதற்கு முன்னால், கன்னத்தை மேஜை விளிம்பில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு நாக்கையும் பார்த்தபடி மேஜையைச் சுற்றி வருவார். குனிந்து வளைந்து அவர் வருகிற கோலத்தைப் பார்த்து நானே சிரித்திருக்கிறேன். நீயும் கேலி செய்தாய், குனிந்துதான் பார்க்க வேண்டும் என்றால் எதற்கு இத்தனை வயர் என்று. அதற்கு அவர் சொன்னது உனக்கும் நினைவிருக்கும். "லைட்டு எனக்கு ஞாபகப்படுத்தறதுக்குத்தான் சாமி. பாக்கறதுக்குக் கண்ணு இருக்குதல்ல."

இனி அந்த நாளைப் பற்றி எழுத வேண்டும். எழுதாமல் இருக்க முடியுமா என்று பார்த்தேன், முடியாது. நாம் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசிக்கொள்ளவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் பேசினார்கள், லைனைப் பார்க்க வந்த எலக்ட்ரீசியன் பேசினான், மாமா பேசினான். நீயும் நானும் பேசவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரம். மோட்டார் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் பல்லி போய்ச் செத்திருக்கும் என்று உங்கப்பா தோப்புக்குப் போனார். எப்போதும் நடப்பதுதான். மோட்டாருக்குப் போகிற லைனின் மெயின் சுவிட்ச் இங்கே மாடிப்படிக்குக் கீழே, பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு. அங்கிருந்து போன் செய்து உன்னை ஆஃப் பண்ணச் சொன்னார். நீ ஆபீஸ் வேலையை அப்படியே வைத்துவிட்டு இறங்கி வந்து கைப்பிடியைக் கீழே இழுத்தாய். விளக்கு அணைந்தது. "ஆஃப் பண்ணிட்டனுங்கப்பா, லைட்டு அணைஞ்சிருச்சுங்க" என்று போனில் சொன்னாய். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே கரண்ட் போக மூன்று செம்புப் பட்டைகள் இருக்குமாம், கைப்பிடியோடு மூன்றும் சேர்ந்து விலக வேண்டுமாம். ஒரு பட்டை கைப்பிடியிலிருந்து கழன்று, இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. விளக்குக்கு வயர் எடுத்திருந்தது இன்னொரு பட்டையிலிருந்து. அதனால் அது ஒழுங்காக அணைந்தது. இதெல்லாம் பின்னால் அந்த எலக்ட்ரீசியன் பிரித்துக் காட்டியபோதுதான் நமக்குத் தெரிந்தது. அதற்குள் உங்கப்பா ஸ்டார்ட்டர் பெட்டியில் கையை வைத்து, கரண்ட் அடித்து, எல்லாம் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பியதும் நீ மேலே போனாய். முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ரயிலோடு இருந்தால் அப்பாவோடு இருக்கிற மாதிரி இருக்கும், மனசு ஆறிவிடும் என்று நினைத்தேன். பிறகு நான் மாட்டுச்சாளைக்குப் போகிற நேரம் பார்த்துக் கீழே வந்து சாப்பிட ஆரம்பித்தாய். பிறகு அதுவும் நின்றது. தாடியும் வேட்டியுமாகக் குளியலறைக்குப் போகிற உன் முதுகை மட்டும் பார்க்கிறேன். கம்பெனியிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். ரயில் ஓடுகிற சத்தம் ஒரு நாளும் கேட்கவில்லை. பாயிண்ட் மாறுகிற அந்தச் சின்ன மோட்டாரின் இரைச்சல் மட்டும் கேட்கும், பிறகு ஒரு சொடுக்கு. திரும்ப இரைச்சல், திரும்பச் சொடுக்கு. சாமி கும்பிடும்போதும் கேட்கும், பால் கறக்கும்போதும் கேட்கும். சில நேரம் எனக்கே பைத்தியம் பிடித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

போன வாரம் நீ குளிக்கப் போனபோது கதவு திறந்திருந்தது. நான் உள்ளே போனேன். கேட்காமல் போனது தப்புத்தான். எஞ்சின்கள் எல்லாம் துண்டில் சுற்றி அலமாரியில் இருந்தன. தண்டவாளத்தில் ஒரு பெட்டிகூட இல்லை. ஆனால் ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் பக்கத்தில், உங்கப்பா வைத்த இரண்டு விளக்குகளுக்கு மேல் இன்னும் இரண்டு, சில இடத்தில் இன்னும் அதிகம். ஈர்க்குச்சிப் பனைகளைப் பிடுங்கிவிட்டு அந்தத் துளைகளில் எல்லாம் வயர் விட்டிருந்தாய். நடு மேஜையில், எங்கே ஸ்டேஷன் இருந்ததோ அங்கே, அந்தப் பழைய மெயின் சுவிட்ச் இருந்தது. பழைய இரும்புக்காரனிடம் போடச்சொல்லி நான் உன்னிடம் கொடுத்த அந்தச் சனியன். நீ அதை எடுத்து ஒளித்து வைத்திருந்திருக்கிறாய். பிரித்து, துடைத்து, கழன்ற பட்டையை மட்டும் மாட்டாமல் வைத்து, மூன்று பட்டைக்கும் மூன்று விளக்கு கொடுத்திருந்தாய். கைப்பிடி கீழே இருந்தது. ஒரு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அன்றைக்கு நீ பார்த்திருக்க வேண்டிய விளக்கு. நான் சத்தம் போடாமல் இறங்கி வந்துவிட்டேன்.

மறுநாள் கதவுக்கு வெளியே நின்று, இன்னும் எவ்வளவு நாளைக்கு இந்த வேலை என்று கேட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு நீ ஒரு முழு வாக்கியம் பேசினாய். "இன்னும் ஒண்ணே ஒண்ணுதானுங்கம்மா. இருட்டா இருந்தா, கரண்ட் இல்லாம இருட்டா, பல்பு பீஸ் போயி இருட்டான்னு தெரியோணும். அதுக்கும் ஒரு லைட்டு வெச்சுட்டா முடிஞ்சுரும்." நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நீ பேசிவிட்டாய் என்ற ஆசையில், பேச்சை வளர்க்கலாம் என்று, "அந்த லைட்டு பீஸ் போச்சுன்னா?" என்று கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மேஜைக்கு அடியில் நீ துளை போடுகிற சத்தம் கேட்டது. என் கேள்விக்கும் ஒரு விளக்கு வைக்க ஆரம்பித்துவிட்டாய். நான் இந்தப் படியிலேயே உட்கார்ந்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன். அன்றைக்குத்தான் மாமாவுக்குப் போன் செய்தேன்.

இதற்கு முடிவு கிடையாது சாமி. நீ படித்தவன், உனக்கு நான் சொல்ல வேண்டுமா? ஒரு விளக்கைப் பார்த்துக்கொள்ள இன்னொரு விளக்கு, அதைப் பார்த்துக்கொள்ள இன்னொன்று என்று வைத்துக்கொண்டே போனால், பாலக்காட்டுக் கடைகளில் இருக்கிற பல்பெல்லாம் தீர்ந்தாலும் கடைசியில் ஒன்று மிச்சம் இருக்கும். அந்தக் கடைசி ஒன்றை யாராவது குனிந்து பார்த்துத்தான் ஆக வேண்டும். நீ நம்பக்கூடிய ஒரு விளக்கைத் தேடுகிறாய். அப்படி ஒன்று கிடைத்தாலும் உங்கப்பா தோப்பிலிருந்து திரும்பி வரப் போவதில்லை.

உன் மேல் தப்பே இல்லை என்று ஊரே உனக்குச் சொல்லிவிட்டது. நானும் அதையே சொன்னால் நீ நம்ப மாட்டாய், அதனால் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். அன்று நீ போனில் சொன்னது தவறு. கரண்ட் போகவில்லை, நீ போய்விட்டது என்று சொன்னாய். ஆனால் அது பொய் இல்லை. கண்ணால் கண்டதை அப்படியே சொன்னாய். உன் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன், நான் சொன்னாலும் அவர் தொட்டிருப்பார். தவறாகச் சொன்னவன் என்று வருத்தப்படு, எத்தனை வருஷம் வேண்டுமானாலும் வருத்தப்படு, நானும் கூட உட்கார்ந்து வருத்தப்படுகிறேன். ஆனால் அப்பனைக் கொன்றவன் என்று ஒரு பேரை உனக்கு நீயே வைத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்ள உனக்கு யார் உரிமை கொடுத்தது? அந்தப் பேரை நான் வைக்கவில்லை. அவர் பெண்டாட்டி நான்.

எனக்குக் கோபம் உன் மேல் இல்லை, உங்கப்பா மேல்தான். இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது, புருஷன் செத்தவள் இப்படிப் பேசுவாளா என்பார்கள். மேலே விளையாட்டு ரயிலுக்கு, நாக்கு நகர்ந்தால்தான் விளக்கு எரிய வேண்டும் என்று பட்டன் பட்டனாக வைத்த மனுஷன், கீழே உயிர் போகிற சுவிட்சுக்கு அந்தப் புத்தியைக் காட்டவில்லை. பொம்மை வண்டிக்காகக் கன்னத்தை மேஜையில் வைத்து ஒவ்வொரு நாக்காகப் பார்த்தவர், அன்று ஒரு டெஸ்டரை வைத்துப் பார்க்காமல் கையை வைத்தார். ஏனுங்க, ஏன் பாக்கல என்று தினமும் அவர் போட்டோ முன்னால் நின்று கேட்கிறேன். சில நாள் சத்தமாகவே கேட்கிறேன். உனக்குக் கேட்டிருக்கும். கேட்டுவிட்டு, அம்மா உன்னைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டாயோ? இல்லை கண்ணு, அவரைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உனக்கு அப்பா செத்துப்போன அதே நிமிஷத்தில் எனக்கும் அவர் செத்துப்போனார். நீ துக்கம் மொத்தத்தையும் வாரிக்கொண்டு மேலே போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டாய், எனக்கு அழக்கூட ஒரு ஆள் இல்லை. நான் எப்படி இருக்கிறேன் என்று நீ பார்க்கவில்லை, அதனால் சொல்கிறேன். அன்றிலிருந்து இந்த வீட்டில் ஒரு சுவிட்சை நான் விரலால் தொட்டதில்லை. லைட் போட வேண்டுமானால் மரக்கரண்டிக் காம்பால் தட்டுகிறேன். மிக்ஸியை எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன், சட்னியைக் கல்லில்தான் அரைக்கிறேன், நீ ருசி பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒரு நாள் நான் கரண்டியால் லைட் போடுவதைப் பார்த்துச் சிரிக்கப் போய், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். உன் அறையில் விளக்கு விளக்காக ஏறுகிறது, கீழே நான் கரண்டியோடு அலைகிறேன். இரண்டு பேருக்கும் ஒரே பயம்தான். ஒரே வீட்டில் அதைத் தனித்தனியாக வைத்துக்கொண்டு கிடக்கிறோம்.

மோட்டார் அன்றிலிருந்து ஓடவில்லை. மெயின் சுவிட்சை மாற்றி, ஸ்டார்ட்டரையும் புதிதாக மாட்டி, ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அந்த எலக்ட்ரீசியன் போய்விட்டான். யார் ஓட்டுவது? எனக்குத் துணிச்சல் இல்லை. மாடுகளுக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓஸ் குழாய் போட்டுத் தண்ணீர் விடுகிறார்கள், தென்னைக்கு யார் விடுவார்கள்? மாசி வெயிலுக்குக் குரும்பை உதிர ஆரம்பித்துவிட்டது. மேற்கு வரிசை மரங்களில் மட்டை தொங்குகிறது. உன் ஜன்னலைத் திறந்தாலே தெரியும்.

நான் இந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்த புதிதில் நம் மோட்டார் ரூமில் எந்த விளக்கும் கிடையாது. உங்கப்பா ஸ்டார்ட்டரை அமுக்குவார், தோப்புக்கு அந்தக் கோடியில் குழாய் வாயில் ஒரு ஆள் நிற்க வேண்டும். தண்ணீர் வந்துவிட்டதா என்று அந்த ஆள் கத்திச் சொல்ல வேண்டும். வராமல் மோட்டார் ஓடினால் எரிந்துவிடும். முதல் நாள் என்னைத்தான் நிறுத்தினார். தண்ணீர் வந்தது. புருஷனைப் பார்த்து எப்படிக் கத்துவது என்று வெட்கப்பட்டுக்கொண்டு, முந்தானையை ஆட்டினேன். அத்தனை மரத்துக்கு நடுவில் அது எங்கே தெரியும்? மோட்டாரை நிறுத்திவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்தார். கையில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற என்னைப் பார்த்து, "நீ வெக்கப்பட்டா நம்ம மோட்டார் எரிஞ்சுரும் புள்ள, கத்தோணும்" என்றார். அதற்குப் பிறகு நான் கத்துகிற கத்தல் எருத்தேன்பதி ரோடு வரைக்கும் கேட்கும் என்று கேலி செய்வார்கள். எத்தனை விளக்கு வந்த பிறகும், அவர் ஸ்டார்ட்டர் ரூமிலிருந்து "வந்துருச்சா?" என்று ஒரு தடவை கேட்பார். நான் கத்தின பிறகுதான் அங்கிருந்து நகர்வார்.

கத்துகிற ஆள் செத்துப்போகவில்லை கண்ணு.

நாளை விடிந்ததும், பால் கறந்துவிட்டு, நான் தோப்புக்குப் போய்க் குழாய் வாயில் நிற்கப் போகிறேன். நீ இறங்கி வா. மாடிப்படிக்குக் கீழே புது சுவிட்சைப் போடு. ஸ்டார்ட்டர் ரூமுக்குப் போய், பெட்டியின் உடம்பில் டெஸ்டரை வைத்துப் பார். ஒரு தடவை போதாது என்று தோன்றினால் பத்துத் தடவை பார், எனக்கு அவசரமில்லை. பார்த்துவிட்டு, பச்சைப் பட்டனை நீ அமுக்கு. விளக்கு எரிகிறதா அணைகிறதா என்று யோசிக்காதே. தண்ணீர் வந்தால் நான் கத்துகிறேன், வராவிட்டாலும் கத்துகிறேன். என் சத்தத்தை நீ நம்பு. உனக்குப் பயமாக இருந்தால் என்னைக் கூப்பிடு, நான் வந்து உன் கையைப் பிடித்துக்கொள்கிறேன், இரண்டு பேரும் சேர்ந்து அமுக்குவோம். எனக்கும் பயமாகத்தான் இருக்கும். நான் கரண்டியைக் கொண்டு வரப் போவதில்லை.

மாமாவுக்கு இப்போதுதான் திரும்பவும் போன் செய்தேன். வீட்டுக்கு வராதே, நேராகத் தோப்புக்கு வா என்று சொல்லியிருக்கிறேன். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறதென்றால், கூட வந்த ஆட்களை அங்கிருந்தே திருப்பி அனுப்பிவிட வேண்டும். நீ குளித்துச் சாப்பிட்ட பிறகு, நாம் மூன்று பேரும் காரில் கோயம்புத்தூர் போவோம். டாக்டர் என்ன சொல்கிறாரோ கேட்போம், எனக்கும் மருந்து எழுதினால் நானும் சாப்பிடுகிறேன். வாய்க்கால் காய்ந்து கிடந்தால், அவன் மேலே வரட்டும். நான் தடுக்க மாட்டேன், தடுக்க எனக்கு இனித் தெம்பு இல்லை. அவன் அரை மனசோடு சரி என்றான். "வருவானாக்கா?" என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். எனக்கு நிஜமாகவே தெரியாது சாமி. நீ நல்லாயிருக்கிறாயா என்பதைக்கூட வெளியில் வைக்கிற தட்டில் எவ்வளவு சோறு குறைந்திருக்கிறது என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

இருட்டுவதற்குள் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், எழுந்திருக்கிறேன். இந்தத் தட்டை எடுத்துப் போய்விட்டு, சூடாக வேறு கொண்டுவந்து வைக்கிறேன், சாப்பிடு. உன் ரப்பர் செருப்பைக் கழுவிக் கடைசிப் படியில் வைத்திருக்கிறேன். காலையில் அதைப் போட்டுக்கொண்டு வா. தண்ணீர் பாய்ந்தால் தோப்பு ஈரமாகிவிடும், வெறுங்காலோடு வராதே.

அம்மா